காருக்கு ரயில் உண்டு, தொழிலாளிக்கு இல்லை

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் தயாராகும் கார்கள் வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சரக்கு ரயில் ஏறி வட மாநிலங்களுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு, நெடுஞ்சாலையில் அத்தனை டிரெய்லர் லாரிகள் குறைகின்றன. ஆனால் அந்தக் கார்களைப் பூட்டி முடிக்கிற கைகள் வேலைக்கு வந்துசேர ரயில் கிடையாது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. பின்னாலேயே செயின்ட் கோபேன், சாம்சங், ஃபாக்ஸ்கான், ரெனோ-நிசான், டைம்லர், அப்பல்லோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று வரிசையாக வந்தார்கள். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நாட்டின் முன்னணித் தொழில் வட்டாரங்களில் ஒன்று என்று எல்லா மேடைகளிலும் பெருமையோடு சொல்லப்படும் ஸ்ரீபெரும்புதூரில் இன்றுவரை ஒரு பயணிகள் ரயில் நிலையம் இல்லை.

ரயில் வேண்டும் என்று யாரும் நினைக்காததால் வந்த நிலை அல்ல இது. 2013-14 ரயில்வே பட்ஜெட்டிலேயே ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு 60 கிலோமீட்டர் புதிய பாதை அறிவிக்கப்பட்டது. வரைபடத்தைப் பார்த்தாலே அதன் அருமை புரியும். வடக்கே அரக்கோணம் தடத்தையும் தெற்கே செங்கல்பட்டு தடத்தையும் தொழிற்பேட்டைகளின் நடுவே இணைக்கிற பாதை அது. திருத்தணியிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ புறப்படுகிறவர் ஒரே ஓர் இடத்தில் வண்டி மாறி ஆலைக்கு அருகே இறங்கலாம். அறிவிப்புக்குப் பின் நடந்தது என்ன? சில ஆண்டு பட்ஜெட்டில் இந்தப் பாதைக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி அல்ல, ஆயிரம் ரூபாய். திட்டம் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க அதன் பெயருக்கு எதிரே ஏதாவது ஓர் எண் வேண்டும் என்பதற்காக எழுதப்படும் தொகை அது. அந்தப் பணத்தில் நிலத்தை அளக்க ஒரு நாள் கூலிகூடக் கொடுக்க முடியாது.

இந்தக் காலதாமதத்தின் நீளத்தை உணர நோக்கியாவை நினைத்துக்கொண்டால் போதும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அது கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. பல்லாயிரம் இளைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பர் 1 அன்று கதவை மூடியது. உலகப் புகழ் பெற்ற ஓர் ஆலை பிறந்து, வளர்ந்து, இறந்துபோக எட்டு ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. ஆவடி–கூடுவாஞ்சேரி பாதையோ அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்த பிறகும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆலைகள் ஓடும் வேகமும் அரசு கோப்புகள் நகரும் வேகமும் இவ்வளவு விலகிப்போனால், வந்தவர்கள் இங்கேயே நிலைத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

இப்போது மக்கள் நம்பிக்கையோடு பார்ப்பது மெட்ரோவை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை ஒரு தடம் வருகிறது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் ஓட்டுநர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டமும் நடந்தது. அந்தத் தடத்தை நெடுஞ்சாலையோடு நீட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை கொண்டுபோக விரிவான திட்ட அறிக்கை தயாராகிவிட்டது. சுமார் 53 கிலோமீட்டர், 15,906 கோடி ரூபாய். அதில் பூந்தமல்லி முதல் சுங்குவார்சத்திரம் வரையிலான 27.9 கிலோமீட்டரை முதல் பகுதியாகப் பிரித்து, 14 நிலையங்களோடு 8,779 கோடியில் கட்ட மாநில அரசு 2025-இல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

கொள்கை அளவில் ஒப்புதல். இந்தச் சொற்களைக் கேட்டுப் பழகிப்போனவர்கள் சென்னையின் மேற்குப் பகுதி மக்கள். 2014 நவம்பரில் பூந்தமல்லி–கத்திப்பாரா மோனோ ரயிலுக்கும் மத்திய அரசு இதே கொள்கை அளவிலான ஒப்புதலைத்தான் தந்தது. 20.68 கிலோமீட்டர், 3,267 கோடி. அந்த மோனோ ரயில் 2006-இல் முதலில் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியது, மெட்ரோ வந்தது. 2011-இல் மறுபடி ஆட்சி மாறியது, மோனோ ரயில் உயிர்பெற்றது. ஒப்பந்தப்புள்ளி கோருவதும் ரத்து செய்வதுமாகக் காலம் போனது. கடைசியில் ஒரு தூண்கூட எழவில்லை. எந்த வண்டி ஓட வேண்டும் என்ற வழக்கில் ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் தங்கள் இளமையைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் கழித்துவிட்டார்கள். இதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, யாரும் கணக்கும் கேட்கவில்லை.

ரயில் இல்லாததன் விலை என்ன என்பதை 2021 டிசம்பர் காட்டியது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்கள் பூந்தமல்லியில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆலை மூடப்பட்டு, மறு ஜனவரியில்தான் திறந்தது. அன்று எல்லோரும் விடுதியின் சுகாதாரத்தைப் பற்றிப் பேசினோம்; பேச வேண்டியதுதான். பேசாமல் விட்டது தூரத்தைப் பற்றி. விடுதி இருந்தது பூந்தமல்லியில், ஆலை இருப்பது சுங்குவார்சத்திரத்தில். இப்போது முதல் பகுதியாகப் பிரித்திருக்கிறார்களே, அந்த 27.9 கிலோமீட்டர் அந்தப் பெண்கள் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் போய்வந்த அதே வழிதான்.

அதன் பிறகு அரசு சும்மா இருந்துவிடவில்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பாராட்டப்பட வேண்டிய காரியம். ஆனால் பதினெட்டாயிரம் இளம்பெண்கள் ஓரிடத்தில் வாழ்கிறார்கள் என்றால் அது ஒரு சிறு நகரம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக, வங்கிக்குப் போக, டாக்டரைப் பார்க்க, மாலையில் ஒரு வகுப்பில் சேர, அந்த நகரத்திலிருந்து வெளியே வர வழி வேண்டாமா? தங்கும் இடமும் கம்பெனி தருவது, ஏறும் பஸ்ஸும் கம்பெனி தருவது என்றால், வேலையை விடுவது என்பது வீட்டையும் வழியையும் சேர்த்து விடுவதாகிறது. நல்ல சம்பளம் பக்கத்து ஆலையில் கிடைத்தாலும் கிளம்பத் தயங்குகிறார்கள். பொதுப் போக்குவரத்தை நாம் வசதியாக மட்டும் பார்க்கிறோம். இந்தப் பெண்களுக்கு அது பேரம் பேசும் பலம்.

அதிகாலையில் ஒரகடம் சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஐந்தரை மணியிலிருந்து கம்பெனி பஸ்கள் வரிசைகட்டுகின்றன. முன் கண்ணாடியில் ரூட் எண்ணும் ஷிஃப்டும் எழுதிய அட்டை. ஆரணி, செய்யாறு, அரக்கோணம் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளில் பாதித் தலைகள் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஆறு மணி ஷிஃப்டுக்கு அவர்கள் மூன்றரை மணிக்கே எழுந்தாக வேண்டும். பஸ் வந்து நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கழுத்தில் ஐடி கார்டும் தோளில் டிபன் பையுமாக இன்னொரு கூட்டம் நிற்கும். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். கம்பெனி பஸ் பல இடங்களில் அவர்களுக்குக் கிடையாது. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இரு பக்கமும் ஆளைத் திணித்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். அந்த ஆட்டோவும் கிடைக்காவிட்டால் பைக்கில் லிஃப்ட். பஞ்ச் நேரம் தவறினால் அரை நாள் சம்பளம் போகும் என்ற பயத்தில் அந்தப் பைக் எந்த வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கில்லாத சர்வீஸ் ரோட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து நடக்கிற பெண்ணின் கையில் எரிந்துகொண்டே இருக்கும் செல்போன் டார்ச் இன்னொரு சாட்சி.

சரி, தாமதம் எங்கே உருவாகிறது? முதலில் டெல்லியில். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே அடிக்கல் நாட்டினார். 2021 மத்திய பட்ஜெட் உரையில் 63,246 கோடித் திட்டம் என்று பெருமையாக இடம்பெற்றது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபர் 3 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மாநிலம் தன் கையிலிருந்தும் கடனிலிருந்தும் செலவைச் சுமந்தது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரங்களில் 20 லட்சம் பேர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இது ஸ்ரீபெரும்புதூருக்கு அடிக்கப்பட்ட அபாய மணி. 2011-இல் இங்கே வல்லம் வடகால் குடியிருப்பு இல்லை, ஐபோன் இல்லை, இன்றிருக்கும் விடுதிகளில் பெரும்பாலானவை இல்லை. தமிழகத்தின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24-இல் 956 கோடி டாலராக இருந்து, 2024-25-இல் 1,465 கோடி டாலராக உயர்ந்தது. இந்த ஏற்றுமதியை உண்டாக்கும் மக்கள் 2011 கணக்கில் தங்கள் சொந்த ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தார்கள். அந்தக் கணக்கை வைத்து இந்தத் தடத்தை எடைபோட்டால் முடிவு எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். மாநில அரசு இன்றிலிருந்தே ஷிஃப்ட் வாரியாக, விடுதி வாரியாக, பஸ் ரூட் வாரியாகப் பயணிகளை எண்ணி ஆதாரத்தைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விவரம் ஒவ்வொரு ஆலையின் மனிதவளப் பிரிவிலும் கிடக்கிறது, கேட்டு வாங்கினால் போதும்.

ஆனால் எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட்டு ஒதுங்க மாநிலத்துக்கும் உரிமையில்லை. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். காகிதத்தில் ஸ்ரீபெரும்புதூர் சென்னையாகிவிட்டது. மனைப் பிரிவு விளம்பரங்கள் அதை உடனே பிடித்துக்கொண்டன. ரயில் தூண்களுக்கும் நிலையங்களுக்கும் வேண்டிய நிலம் நெடுஞ்சாலையோரத்தில் ஒவ்வொரு மாதமும் கடைகளாகவும் விடுதிகளாகவும் கிடங்குகளாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. நிலம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்ட வேண்டிய தூரம் ஐந்து கிலோமீட்டர். வேலை தொடங்கியது 2008-இல். ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் திட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. கிளாம்பாக்கம் கதையும் பழசாகிவிடவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று ரயில் இணைப்பு இல்லாமலே பேருந்து முனையத்தைத் திறந்துவிட்டு, மூட்டை முடிச்சும் குழந்தையுமாக வந்திறங்கிய சனங்களை ஜி.எஸ்.டி. சாலையில் தத்தளிக்க விட்டோம். விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ கொண்டுபோக முதலில் போட்ட மதிப்பீடு 4,080 கோடி. பிறகு வந்தது 9,335 கோடி. இடையில் திட்டத்தின் வடிவம் மாறியது உண்மைதான். ஆனாலும் காத்திருந்தால் விலை குறையும் என்று எந்த மெட்ரோவிலும் நடந்ததில்லை.

கடல் கடந்த நம்மவர்கள் இரண்டு இடங்களில் இதே பாடத்தை அனுபவித்திருக்கிறார்கள். கொழும்பில் கோட்டையிலிருந்து மாலபே வரை இலகு ரயில் கட்ட ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 40 ஆண்டுத் தவணையில் கடன் தர முன்வந்து 2019-இல் ஒப்பந்தமும் ஆனது. 2020 செப்டம்பரில் புதிய ஆட்சி அதைச் செலவு அதிகம் என்று ரத்து செய்தது. அப்படி ஒரு கடன் அந்த நாட்டுக்கு இனி எளிதில் கிடைக்குமா? மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மூன்றாவது இலகு ரயில் தடம் 2020-இல் ஓடியிருக்க வேண்டியது. 2018-இல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்களை நீக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஐந்தையும் திரும்பச் சேர்த்தார்கள், கூடுதல் செலவோடு. ஆட்சி மாறும்போதெல்லாம் தண்டவாளத்தைப் பிடுங்கி நடும் வழக்கத்துக்கு எல்லை கிடையாதுபோலும்.

நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. இந்தத் தடத்தின் பெயர் பேச்சுவழக்கில் ‘பரந்தூர் மெட்ரோ’ ஆகிவிட்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-இல் இடம் தேர்வானது முதல் ஏகனாபுரத்து விவசாயிகள் ஏரியையும் வயலையும் விட மாட்டோம் என்று போராடிவருகிறார்கள். அவர்களின் போராட்டத்தில் நியாயம் இருக்கிறது. விமான நிலையம் வருமா, எப்போது வரும் என்பது அவர்களுக்கும் அரசுக்கும் இடையே தீர வேண்டிய வழக்கு. அந்த வழக்கோடு சுங்குவார்சத்திரத்து ஷிஃப்ட் தொழிலாளியின் ரயிலை முடிச்சுப் போடுவது எந்த நியாயத்திலும் சேராது. விமானம் ஏற வருகிற பயணி இன்னும் பிறக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்குப் போகிற பயணி இன்று காலையும் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனார். முதல் பகுதியைச் சுங்குவார்சத்திரத்தோடு நிறுத்திப் பிரித்தது சரியான முடிவு. அந்தப் பிரிவு பெயரளவில் நின்றுவிடாமல், தனி நிதி, தனி ஒப்பந்தப்புள்ளி, தனிக் காலக்கெடு என்று தனித் திட்டமாகவே நடத்தப்பட வேண்டும்.

அப்போதும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சும். மெட்ரோ நெடுஞ்சாலையோடு போகிறது. ஒரகடம் அந்த நெடுஞ்சாலையில் இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம், வல்லம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரும் ஆறுவழி மாநில நெடுஞ்சாலைதான் அந்த வட்டாரத்தின் முதுகெலும்பு. சுமார் 25 கிலோமீட்டர். ஒரு முனையில் புறநகர் ரயில் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது, மறு முனையில் மெட்ரோ வரப்போகிறது. நடுவே ஒரு தடம் போட்டால் செங்கல்பட்டு, தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருகிறவர்களும் ஒரே சேர்க்கையில் ஒரகடத்தை எட்டலாம். இங்கே முழு மெட்ரோ தேவையில்லை. நெரிசல் குறைந்த தடங்களுக்கென்று மத்திய அரசே 2019-இல் மெட்ரோலைட் என்ற இலகு ரயிலுக்கு விதிமுறை வகுத்து வெளியிட்டது. சாலை நடுவில் தரையோடு ஓடக்கூடியது, செலவும் குறைவு. அகலமான சாலை, நேரான வழி, இரு புறமும் சிப்காட் வசம் இருக்கும் நிலம்: இலகு ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இதைத் தன் மேசையில் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனிகள்தான் பஸ் விடுகின்றனவே, எதற்கு இத்தனை கோடி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு பஸ் அனுப்புவதால்தான் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலை அடைத்துக்கொள்கிறது. பெரிய ஆலை சமாளிக்கிறது, உதிரிபாகம் செய்கிற சிறு ஆலைக்கு அந்தச் செலவு தாங்குவதில்லை. ஐம்பது பேரை வைத்து வேலை செய்யும் முதலாளிக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்தை ஒரகடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய ஆலை தங்கி நிற்பது அந்தச் சிறு ஆலைகள் மேல்தான்.

ரயில் வந்தால் மட்டும் போதாது, ஷிஃப்டுக்கு வர வேண்டும். சென்னை மெட்ரோ இப்போது காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணியோடு நிற்கிறது. ஐந்து மணி முதல் வண்டியைப் பிடித்து, நகரிலிருந்து சுங்குவார்சத்திரம் வந்து, ஆலை வாசலுக்குப் போய், ஆறு மணிக்கு பஞ்ச் பண்ண முடியுமா? இரவு ஷிஃப்ட் விடும் நேரத்தில் கடைசி வண்டி போயிருந்தால் அந்த நிலையம் யாருக்கு? நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் நிலையம், மறு பக்கம் ஆலை என்றால் நடைமேம்பாலம் எங்கே? இவற்றைத் திறப்பு விழாவுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் கிளாம்பாக்கம் மறுபடி நடக்கும். வரைபடம் கையிலிருக்கும் இப்போதே தொழிற்சங்கங்களையும் ஆலை நிர்வாகங்களையும் விடுதிப் பெண்களின் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

தண்டவாளம் போட எப்படியும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தொழிலாளி என்ன செய்வார்? பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கும், சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்திலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாநகர பஸ் விடுவதற்கு டெல்லியின் கையெழுத்து எதுவும் தேவையில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஏறக்கூடிய பஸ்ஸாக அது இருக்க வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லா ‘மகளிர் விடியல் பயணம்’ அந்த வழித்தடங்களிலும் செல்லுபடியாக வேண்டும். சர்வீஸ் ரோடுகளில் விளக்குப் போட, பஸ் நிற்குமிடத்தில் நிழற்குடை கட்ட, ஒரு மழைக்காலம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. நிலையம் வரப்போகும் இடங்களை அளந்து, கல் நட்டு, அங்கே கட்டட அனுமதியை நிறுத்திவைப்பது மாவட்ட நிர்வாகம் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை. நிலம் கொடுப்பவருக்கு உரிய விலையை இழுத்தடிக்காமல் முன்கூட்டியே கொடுத்தால் ஆதம்பாக்கம்போல வழக்கில் சிக்க வேண்டியிருக்காது.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் சுங்குவார்சத்திரம் தடத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ தேதி குறித்துப் பதில் சொல்ல வேண்டும்; இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நான்கு ஆண்டு மௌனத்தை இன்னொரு முறை தாங்க முடியாது. ஆவடி–கூடுவாஞ்சேரி பாதையைக் கட்டும் எண்ணம் உண்டா என்பதை ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே எழுப்பட்டும். கட்டும் எண்ணம் உண்டென்றால், அடுத்த பட்ஜெட்டில் அந்தப் பாதையின் பெயருக்கு எதிரே நிலம் எடுக்கப் போதுமான தொகை இருக்க வேண்டும்.